மவூன் முதல் கசானே வரை: காட்டு வழியில் நாமே வண்டி ஓட்டும்போது செய்யக்கூடாதவை

வடக்கு போட்ஸ்வானாவில் மவூனிலிருந்து கிளம்பி மோரேமி, க்வாய், சவூட்டி வழியாகச் சோபே ஆற்றங்கரையில் இருக்கும் கசானேவுக்குப் போகும் காட்டுப் பாதையில், வண்டியை நாமே ஓட்டலாம். கூரைமேல் கூடாரம் கட்டிய ஃபோர்வீல் டிரைவ் வண்டிகள் வரிசையாகப் போகும், முதல் வண்டியில் வழிகாட்டி. அங்கேயும் சாலையின் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலதுபக்கம். அதனால் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு மணி நேரத்திலேயே தைரியம் வந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

"அவர்தான் முன்னால் போகிறாரே" என்ற நினைப்பில் பலர் முன் வண்டியின் வாலைப் பிடித்தபடியே போவார்கள். தூசியில் பாதை தெரியாது. அதைவிட, மணலில் அவர் வேகம் குறைந்தால் நீங்களும் பிரேக் போடுவீர்கள். அவர் தப்பிவிடுவார், நீங்கள் புதைவீர்கள். தூசி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டால் போதும். பாதை பிரியும் இடத்தில் மட்டும், பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

மணலில் வண்டியை மாட்டவைப்பது பெரும்பாலும் டயரில் இருக்கும் காற்றுதான். தார்ச்சாலைக்கு வைத்த 32 பி.எஸ்.ஐ.யோடு சவூட்டி மணலில் இறங்கக்கூடாது. 20 அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதக்கும். பஞ்சர் கடையில் "காத்து கம்மியா இருக்கு சார்" என்று கேட்டே வளர்ந்த நமக்கு, வேண்டுமென்றே காற்றைத் திறந்துவிட மனசு வராது. எனக்கும் வரவில்லை. 26-ல் நிறுத்திக்கொண்டேன், அரை மணி நேரத்தில் மண்வாரியோடு முட்டி போட்டுக் கிடந்தேன். காற்று குறைந்த டயரில் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கவும் கூடாது, டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும்.

மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் அடுத்த தவறு. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். காலை எடுங்கள். சுற்றிலும் நன்றாகப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சிங்கம் நடமாடும் இடம் அது. சக்கரங்களைச் சுற்றி மணலை வாரிவிட்டு, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். குளிர்ந்த காலை மணல் இறுகியிருக்கும், மதிய வெயிலில் பொலபொலவென்று ஆகிவிடும். அதனால் கடினமான பாதையைக் காலையிலேயே முடிப்பது நல்லது.

க்வாய் தாண்டி வரும் மபாபே கிராமத்துக்கும் சவூட்டிக்கும் நடுவில் இரண்டு வழி உண்டு, ஒன்று மணல் மேடு, இன்னொன்று சதுப்புப் பக்கம். சதுப்புப் பக்கத்து மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரி. காய்ந்திருந்தால் ஓட்ட நன்றாக இருக்கும், மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தை விடாது. மணலோ மழையில் இறுகும். வரைபடத்தில் எது தூரம் குறைவு என்று பார்த்து முடிவெடுக்காமல், முந்தின நாள் மழை பெய்ததா என்று கேட்டு முடிவெடுங்கள்.

நடுத்திட்டில் புல் வளர்ந்த தடங்களில் ஓட்டினால் காய்ந்த புல் வண்டியின் அடியில் சேர்ந்து சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் குனிந்து பார்த்துப் பிடுங்கிப் போடுங்கள். டீசலை மவூனிலேயே நிரப்பிவிடுங்கள். அடுத்த பங்க் கசானேதான், மணலில் வண்டி வழக்கத்தைவிட நிறையக் குடிக்கும்.

பாதையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். காதை விரித்துத் தலையை உதறினால் "இத்தோடு நில்" என்று அர்த்தம். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானை என்றால் பேச்சே இல்லை, பின்னால் போய்விடுங்கள். இதற்காகவே வரிசையில் வண்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்று நிற்கக்கூடாது, ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும்.

இந்தக் காட்டு முகாம்களுக்கு வேலி கிடையாது. ராத்திரி நெருப்பைத் தாண்டி இருட்டுக்குள் நடக்க வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை யானையை இழுக்கும் என்பதால் அவற்றை வாங்கவே வேண்டாம். பகலில் சாப்பாட்டு மேசைக்குப் பபூன் குரங்கு வரும், இரவில் கழுதைப்புலி. ஏணியடியில் கழற்றிப்போட்ட செருப்பு காலையில் இருக்காது. தோல் செருப்பென்றால் கழுதைப்புலிக்கு அதுவும் தின்பண்டம்தான்.

இறைச்சி விஷயம் பலருக்குத் தெரியாது. காட்டெருமைகளிடம் இருக்கும் கோமாரி நோய் பண்ணை மாடுகளுக்குப் பரவாமலிருக்க, நாட்டில் நீண்ட கால்நடைத் தடுப்பு வேலிகள் போட்டிருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் குளிர்பெட்டியைத் திறந்து பச்சை மாட்டிறைச்சியை எடுத்துவிடுவார்கள், செருப்பை மருந்துத் தண்ணீரில் மிதிக்கச் சொல்வார்கள். முந்தின இரவே சுட்டுத் தின்று தீர்த்துவிட்டால் வாக்குவாதம் இல்லை.

கசானே பக்கம் தார்ச்சாலை தெரிந்ததும் எல்லோருக்கும் குளிக்கும் அவசரம். அதே காற்றில்லாத டயரோடு நூறில் பறப்பார்கள். டயர் சூடேறி வெடிப்பது அப்போதுதான். தார் தொடங்கும் இடத்திலேயே ஓரங்கட்டி, கம்ப்ரஸரை மாட்டுங்கள். நாலு டயருக்கும் காற்று ஏற இருபது நிமிஷம் பிடிக்கும். அதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம்.