பெரிய எண்ணைப் பார்த்தவுடன் முடிவு கட்டாதீர்கள்

4294967297. இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒற்றைப்படை, 7-இல் முடிகிறது. இலக்கங்களின் கூடுதல் 59, அதனால் 3-ஆல் வகுபடாது. 5, 7, 11, 13 என்று எதற்கும் மசியாது. பகா எண்தான் என்று சொல்லத் தோன்றும். 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மாவும் அப்படித்தான் நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் இதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

இப்படிக் காரணிகளைத் தேடும்போது பலரும் செய்யும் பெரிய தவறு பாதியில் நிறுத்துவது. 641 என்பது 116-வது பகா எண். அதாவது 115 முறை வகுத்து, 115 முறையும் மீதி வந்த பிறகுதான் விடை. நூறு வரை பார்த்துவிட்டுக் கைவிடுபவர் 25 பகா எண்களைத்தான் சோதித்திருப்பார்.

சரி, எதுவரை போக வேண்டும்? எண்ணின் வர்க்கமூலம் வரை. இங்கே அது 65536-ஐ ஒட்டி வருகிறது. அதைத் தாண்டுவது வீண் வேலை. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கற்பலன் எண்ணையே மிஞ்சிவிடும். 641 கிடைத்த பிறகு எல்லையை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. இப்போது மிச்சம் இருப்பது 6700417. இதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். ஆகவே 641-இலிருந்து 2588 வரை உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும், சிறியவை எல்லாம் ஏற்கெனவே தோற்றுவிட்டன. அப்படிப் பார்த்தால் 6700417 பகா எண் என்று உறுதியாகும். இந்தக் கடைசிச் சோதனையை விட்டால் காரணிப்படுத்தல் முடிந்ததாகச் சொல்ல முடியாது.

11-க்கான சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கும்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நம் எண்ணுக்கு −17 வரும், அதோடு 22-ஐக் கூட்டினால் மீதி 5. இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால் 17 வந்து, மீதி 6 என்று தவறாகக் காட்டும். வகுபடுமா என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். மீதி வேண்டுமென்றால் திசை முக்கியம்.

4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆலும் வகுபடும் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. 36-ஐப் பாருங்கள். பொதுக் காரணி இல்லாத எண்களைத்தான் அப்படிப் பெருக்கலாம்.

காரணிகளை எண்ணும்போது அடுக்குகளைக் கூட்டிவிடுகிறார்கள். 720720-இன் பகா காரணிகளில் 2 நான்கு முறையும் 3 இரண்டு முறையும் வரும். 5, 7, 11, 13 ஒவ்வொரு முறை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. அந்த ஒன்று, காரணியை எடுக்காமலே விடும் வாய்ப்புக்கானது.

அப்புறம், கணினி. எக்ஸெல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 18446744073709551617 என்று தட்டினால் 18446744073709500000 ஆகிவிடும். இரட்டைப்படை, 5-ஆல் வகுபடும் என்று அதுவே பொய் சொல்லும். உண்மையில் இந்த எண் 274177 × 67280421310721. இவ்வளவு நீள எண்களுக்குப் பைத்தான் நிரல்மொழியில் முழு எண் கணக்கையே நம்புங்கள். அதிலும் வகுக்க ஒற்றைச் சாய்கோடு போட்டால் தசமமாக மாறி இலக்கங்கள் தொலையும்; இரட்டைச் சாய்கோடு போடுங்கள், மீதியைச் சதவீதக் குறியால் தனியாகப் பாருங்கள்.