செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பைக்கில் செல்ஃப் பொத்தானை அமுக்கியதும் என்ஜின் கடகடவென்று சுற்றாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சு வாங்கினால், பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் தீர்ப்பு ‘பேட்டரியை மாற்றுங்கள்’. மாற்றியும் சரியாகவில்லையென்றால் ‘செல்ஃப் மோட்டார் போய்விட்டது’. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் சொன்ன தீர்ப்புக்குப் பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்பேனர்கள், பொத்தானை அமுக்க ஓர் ஆள்: இவை போதும்.

முதலில் காதைத் தீட்டுங்கள். ‘டிக்டிக்டிக்’ என்று ரிலே (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடும் சுவிட்ச்) மட்டும் படபடத்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. மோட்டார் ‘உய்ய்’ என்று வேகமாகச் சுற்றியும் என்ஜின் அசையவில்லையென்றால் பழுது, மோட்டாரின் சுற்றை என்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்சில். அது வேறு கதை. சைடு ஸ்டாண்டு சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் செல்ஃபைத் தடுக்குமே தவிர மெதுவாகச் சுற்ற வைக்காது. மெதுவாகச் சுற்றினால் மட்டுமே கீழே உள்ளவை பொருந்தும்.

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியானால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை உருவிவிடுங்கள். சோதனை நடுவே என்ஜின் பிடித்துக்கொள்ளாது. ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அமுக்காமல், இடையில் குறைந்தது 10 விநாடி ஓய்வு கொடுங்கள்.

படி 1: பேட்டரி

இரவு முழுதும் நின்ற வண்டியில், சாவி போடாமல் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வர வேண்டும். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டு வாருங்கள். அரைகுறை பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற சோதனைகளைச் செய்வது வீண்.

இந்த எண்ணை மட்டும் பார்த்து பேட்டரி நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. நிற்கும்போது 12.7 காட்டும் பழைய பேட்டரி, பொத்தானை அமுக்கியதும் 7க்குச் சரியும். மீட்டர் முனைகளை டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு அமுக்கச் சொல்லுங்கள். சுற்றும்போது சுமார் 10 வோல்ட்டாவது நிற்க வேண்டும்.

படி 2: வயர்களும் இணைப்புகளும்

கோளாறு அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். மீட்டரை ஓம் நிலையில் வைத்து வயரைச் சோதித்தால் எல்லாம் சரி என்றே காட்டும். உள்ளே முக்கால்வாசி இழைகள் அறுந்து நாலைந்து இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் பறிபோகிறது. அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது. ஆகவே மின்சாரம் ஓடும்போது, எங்கே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். பொத்தானை அமுக்கினால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து, ஒரு முனை என்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில், மற்றது பேட்டரி நெகட்டிவில்: 0.2 வோல்ட்டுக்குள் வர வேண்டும்; இது எர்த் பக்கம். பாசிட்டிவ் பக்கம் கூடுதலாக வந்தால் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே அதே மாதிரி அளந்து பாருங்கள். அங்கேயே அரை வோல்ட் போகிறதென்றால் ரிலேயின் உள்முனைகள் கருகிவிட்டன. ரிலேயை மாற்றினால் போதும்.

மீட்டர் இல்லாமலும் ஒரு வழி உண்டு. இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு உடனே ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவை குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் சுட்டால் தடை அங்கேதான். பெரும்பாலும் எர்த் வயர் என்ஜினில் சேரும் போல்ட்டாக இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் துரு, அல்லது வயர் உறையின் வாயில் பச்சைப் பூஞ்சணம் போல் அரித்த செம்பு. உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். செம்பு உள்ளே வரை பச்சையாகிவிட்டால் புது வயர்தான்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்ட கணம் தீப்பொறி பறக்கும்.

படி 3: என்ஜின் இறுக்கமா?

பிளக்கைக் கழற்றிவிட்டு டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றினால் கவலை இல்லை. கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தாலும் குளிர்ந்த காலையில் செல்ஃப் திணறும்.

படி 4: மோட்டார்

பேட்டரியும் வயர்களும் தேறிய பிறகே இதற்கு முறை வரும். அமுக்கும்போது வோல்ட் 11க்கு மேல் நின்றும் மோட்டார் சோம்பினால், கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்து மின்சாரம் உள்ளே போகவில்லை என்று சந்தேகிக்கலாம். நல்ல பேட்டரியும் 9க்குச் சரிந்தால் ஆர்மேச்சர் (அந்தச் சுற்றும் பாகம்) ஷார்ட், அல்லது அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் காந்தத்தில் உரசுகிறது.

பிரிக்கும் முன் உறைகளின் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஆர்மேச்சரை வெடுக்கென்று இழுக்கும், விரல் கவனம். பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் கறுத்திருந்தால் 600 எண் உப்புத்தாளால் மெல்லத் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் பட்டைகளுக்கு நடுவே தங்கி மின்சாரத்தைக் கடத்தலாம். பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் அடைந்த கரியை ஊசியால் கீறி எடுங்கள். பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே மீட்டர் பீப் அடித்தால் ஆர்மேச்சர் முடிந்தது. இல்லையென்றால் பெரும்பாலும் பிரஷ் செட் மட்டும் வாங்கினால் போதும்; முழு மோட்டாரோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. பூட்டும்போது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவுங்கள்.

ஃபியூஸைத் திரும்பச் செருகி என்ஜினை ஓடவிட்டு, 5,000 ஆர்பிஎம் அளவில் பேட்டரியில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13க்குக் கீழே இருந்தால் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. அடுத்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஸ்டேட்டர் காயிலையும் பார்க்க வேண்டியிருக்கும்.