காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டு நாள் வழி

எங்கள் பக்கத்தில் ராமேஸ்வரம் போய்வருவது ஒரு நாள் வேலை. விடியுமுன் வேன் கிளம்பும். தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, ஈரத்தலையோடு எங்காவது சாப்பிட்டுவிட்டு, வழியெல்லாம் தூங்கி வழிந்துகொண்டு காரைக்குடியில் வந்து இறங்குவோம். சின்ன வயதில் நானே நாலைந்து தடவை இப்படிப் போயிருக்கிறேன். நாம் போய்வந்தது ஒரு தீவு என்பது பதினைந்து வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே இது இரண்டு நாள் கணக்கு, ஒரு இரவு தங்கல். முதல் நாள் கடல், இரண்டாம் நாள் கோயில். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தீர்த்தமாடி முடித்த உடம்பு அசந்துவிடும். அதற்கப்புறம் தனுஷ்கோடி வெயிலில் நிற்கத் தெம்பு இருக்காது, பாதியிலேயே திரும்பிவிடத் தோன்றும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தீவில் காற்றுதான் எஜமான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக்காற்றும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், கண் திறக்க முடியாது. தை பிற்பாதியிலிருந்து பங்குனி நடுவரை போவதுதான் சுகம். வெயில் இன்னும் ஏறியிருக்காது. தனுஷ்கோடி போகும் வழியில் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும் காலமும் அதுதான்.

தை அமாவாசை, ஆடி அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். பிதுர்க்கடன் செய்யவே போகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். அன்றைக்குச் சுற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் சாப்பாட்டை நினைத்துப் போகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ரயிலா, காரா?

ஒரு தடவையாவது ரயிலில் போங்கள். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகிற ரயில்களில் காரைக்குடி வழியாகப் போகிறவை உண்டு. அவை மானாமதுரை, பரமக்குடி என்று சுற்றிக்கொண்டுதான் போகும், பரவாயில்லை. மண்டபம் தாண்டியதும் ஜன்னலோரம் வந்துவிடுங்கள். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் பாலம் சுமார் 2 கிலோமீட்டர் நீளம்; அப்போதெல்லாம் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும். 2022 கடைசியில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் நடுவே 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே ஏறுகிறது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அந்த ரயிலை ‘போட் மெயில்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலேறினால் கொழும்பு. கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன எங்கள் ஐயா அந்த வழியில்தான் போய்வந்தார். செட்டிநாட்டு வீடுகளில் பரணைக் குடைந்தால் இந்தப் பயணம் செய்த தகரப்பெட்டி ஒன்றாவது கிடைக்கும்.

காரில் போனால் தேவகோட்டை, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம் வழி. ஏறத்தாழ 140 கிலோமீட்டர், நிதானமாக ஓட்டினால் மூன்று மணி நேரம். ஆர்.எஸ்.மங்கலத்தில் ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் தெரிந்தால் அதைக் கடல் என்று நினைத்துவிடாதீர்கள், ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று பேர் வாங்கிய கண்மாய் அது. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது ஒன்பது நவக்கிரகக் கற்களை, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: மூட்டை கட்டுதல்

ஆளுக்கு இரண்டு செட் உடை அதிகமாக வேண்டும். தீர்த்தமாடப் போகிற உடை பருத்தியாக, அடர்ந்த நிறமாக இருக்கட்டும். நனைந்தால் உடம்போடு ஒட்டுகிற மெல்லிய துணி வேண்டாம், பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஈரத்துணி போட ஒரு ரப்பர் பை. தொப்பி. சில்லறை. குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே கேனில் எடுத்துப் போங்கள்.

கட்டுச்சோறு? கட்டாயம். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், கொறிக்கக் கொஞ்சம் சீடைக்காய். தனுஷ்கோடியில் சாப்பிடப் பொரித்த மீன் கிடைக்கும், ஆனால் எட்டு மணிக்குப் பசிக்கிற பிள்ளைகளுக்குப் பொரித்த மீனா கொடுப்பது? வாழையிலையில் கட்டினால் குப்பையும் மிச்சமாகாது.

படி 4: பாலத்தில் நிற்காதீர்கள்

1988 அக்டோபர் 2 அன்று திறந்த சாலைப் பாலத்தில் கார் ஏறியதும் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பார்கள். பின்னால் பஸ் வந்துகொண்டே இருக்கும். ஓட்டுபவர் ஓட்டட்டும், மற்றவர்கள் மெதுவாகப் போகிற வண்டியிலிருந்தே பார்க்கலாம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா.

படி 5: ஊருக்குள் நுழையாமல் நேரே தனுஷ்கோடி

அறை எடுக்க, குளிக்க, காபி குடிக்க என்று ஊருக்குள் போனால் பத்து மணி ஆகிவிடும். நேரே போய்விடுங்கள். ஊரிலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். 2017க்கு முன் நல்ல ரோடு பாதியில் முடிந்துவிடும், அப்புறம் மணலில் குலுங்கிக் குலுங்கி ஜீப், வேன் பயணம்தான். இப்போது முனைவரை தார்ரோடு.

ரோடு நன்றாக இருப்பதாலேயே ஒரு ஆபத்து. படம் எடுக்க நல்ல இடம் தேடி வண்டியை ஓரத்து மணலில் இறக்கினேன். பின்சக்கரம் அரை அடி உள்ளே போய்விட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முதலில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். இன்னொருவர் சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரி, கிழிந்த பழைய வலையை நாலாக மடித்து அடியில் திணித்தார். “இப்ப மிதிக்காதீங்கண்ணே, சும்மா உருட்டுங்க” என்றார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. காசு நீட்டினால் வாங்கவில்லை, கட்டுச்சோற்றை வாங்கிக்கொண்டார்கள். தாரை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்காதீர்கள், அவ்வளவுதான்.

முனைக்குப் போகுமுன் இடிந்த ஊரில் இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த ஊர். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடி நெருங்கும் நேரத்தில், அலை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதன்பின் அரசு இதை மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தது. ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த்தொட்டியின் மிச்சம், கூரையில்லாத தேவாலயம் எல்லாம் நிற்கின்றன.

தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தூரத்தில் சாதாரணக் கருங்கல் போலத் தெரியும். பக்கத்தில் போனால் கல்லுக்குள் தேன்கூடு மாதிரி சின்னச்சின்ன அறைகள், சிலவற்றில் பூ விரிந்தது போல வரிகள். எல்லாம் பவளப்பாறைக் கல். நம் வீடுகளின் சுவரில் சுண்ணாம்பு பளபளக்கிற மாதிரி இங்கே பூச்சு இல்லை. புயலும் உப்பும் தின்றதுபோக உள்ளிருக்கிற கல் வெளியே வந்து நிற்கிறது. தொட்டுப் பாருங்கள், பெயர்த்து எடுக்காதீர்கள். கடையில் பவளமோ கடல்குதிரையோ விற்க வந்தாலும் வாங்காதீர்கள், அது வனஉயிர்ச் சட்டப்படி குற்றம். சங்கு, சோழி மாலை என்று வாங்கிக்கொள்ளலாம்.

ஊர் அழிந்தது என்றாலும் ஆளில்லாத ஊர் இல்லை. மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி ஊற்று வைத்திருப்பார்கள். ஒரு ஆத்தா சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டு ஒரு வாய் குடித்தேன், துளி உப்பில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து தங்குகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால் ஊற்றை ஆழமாக்குவதே இல்லை.

அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கின்றன. ஒரு பக்கம் அலை அடங்கிக் கிடக்கும், அதைப் பெண் கடல் என்பார்கள். எதிர்ப்பக்கம் ஓங்கி அடிப்பது ஆண் கடல். பேர் வைத்தவர் ஆண்தான் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். இலங்கை இங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான். குளிக்க இறங்காதீர்கள், பெண் கடல் பக்கமும் கூடாது. நீரோட்டம் காலடி மணலையே உருவிக்கொண்டு போகும். சாயங்காலம் போகிறவர்கள் இருட்டுமுன் வெளியே வந்துவிட வேண்டும், செக்போஸ்ட்டில் அதற்குமேல் உள்ளே விடமாட்டார்கள்.

திரும்புகிற வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். அந்தப் புயலிலும் தப்பி நின்ற கோயில்.

படி 6: மத்தியானம் தூங்குங்கள்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) என்றால் அவர்கள் சத்திரத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மற்றவர்களுக்கு விடுதிகளுக்குக் குறைவில்லை. சாயங்காலம் கந்தமாதன பர்வதம் என்கிற ராமர் பாதத்துக்குப் போங்கள். பர்வதம் என்றதும் பயப்படாதீர்கள், மணல்மேடுதான். ஆனால் தீவிலேயே உயரமான இடம் அதுதான், மேல்தளத்தில் நின்றால் தீவின் உருவம் பிடிபடும். பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாமின் வீட்டையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

படி 7: கோயில், இந்த வரிசையில்

விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். அதற்குக் காய்ந்த உடையில் போங்கள். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே அனுமதி இல்லை.

அப்புறம் வெளியே வந்து அக்னி தீர்த்தம், அதாவது கிழக்கே உள்ள கடல். முங்கி எழுந்து ஈர உடையோடு உள்ளே போய் டிக்கெட் வாங்கினால் 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் ஒருவர் கயிறு கட்டிய வாளியோடு நிற்பார். வாளியை வீசுவார், மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார், வாளி தானே கவிழ்ந்து முங்கும், அடுத்த நொடி தண்ணீர் நம் தலையில். முதல் நாலு கிணற்றில் பிள்ளைகள் சிணுங்கும், ஐந்தாவதிலிருந்து நமக்கு முன்னால் ஓடும். ஒரு கிணறு சில்லென்று, அடுத்தது வெதுவெதுப்பாக, ருசியும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

கல்தரை முழுக்கத் தண்ணீர் என்பதால் வயசானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். முடியாதவர்கள் எல்லாக் கிணற்றுக்கும் அலைய வேண்டாம், கோடி தீர்த்தத்தை மட்டும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. எங்கள் அப்பத்தா ஒத்துக்கொள்ளாது.

ஈரத்தோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள். உடை மாற்றிக்கொண்டு, அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதரை முதலில் கும்பிட்டுவிட்டு ராமநாதரிடம் போவதுதான் முறை.

தரிசனம் முடிந்து ஓடிவிடாதீர்கள். மூன்றாம் பிராகாரத்துக்கு வாருங்கள். ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் கட்டியது, 1,212 தூண்கள். ஒரு மூலையில் முதுகைச் சுவரில் சாய்த்து நின்று எதிர்க்கோடியைப் பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்துப் போய் கடைசியில் ஒரு வெளிச்சப்புள்ளி மட்டும் இருக்கும். இந்தக் கோயில் திருப்பணியில் தேவகோட்டை நகரத்தாருக்குப் பங்கு உண்டு. நம் ஊர் வீடுகளின் வளவில், அதாவது நடுமுற்றத்தில், தூண்வரிசைக்கு நடுவே ஓடி விளையாடியவர்களுக்கு அந்த நடை கொஞ்சம் பழகினது போலத்தான் இருக்கும்.

படி 8: திரும்பும் வழி

பாம்பனுக்கு முன்னால் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், அரை மணி நேரம் போதும். அங்கிருந்து குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று மேலைநாட்டுப் பயணம் முடிந்து வந்த விவேகானந்தர் கரையிறங்கிய இடம். பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். எதிரே தெரிவது குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். காற்று ஏறிவிட்டால் படகு எடுக்கமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. போக முடிந்தால், வெயில் உச்சியில் இருக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கடற்புல் ஆடுவது தெரியும். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற புல் அது. மேய்கிற ஆவுளியாவைப் பார்த்தேன் என்று படகில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

பாம்பனில் கருவாடு வாங்குகிறவர்கள் இரண்டு பையாகச் சுற்றி டிக்கியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். நான் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் விட்டதில் சைலன்சர் துருப்பிடித்துவிட்டது.