சஸ்பென்ஷன் மாற்றிய காரில் ஸ்டியரிங் நிலைகொள்ளவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சேலம் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகும் சாலையில் நின்றால் எல்லா வகையும் கண்ணில் படும். ஸ்பிரிங் மாற்றி இறக்கிய ஹேட்ச்பேக், ஸ்பேசர் வைத்துத் தூக்கிய எஸ்யூவி, புதிதாகக் காயிலோவர் (உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்ட செடான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்ததும் அவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "வண்டி சொன்ன பேச்சு கேக்கலண்ணா." சேலம் இறங்கியதும் செய்வதும் ஒன்றுதான். சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகிறார்கள். அடுத்த வாரமும் வண்டி அலைகிறது.

டயரில் காற்று, வீல் நட்டு, தேய்ந்த டயர் இதையெல்லாம் பார்க்கச் சொல்லி யாரும் எழுத வேண்டியதில்லை. தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்கள் மட்டும் இங்கே.

அறிகுறியைப் பிரிக்காமல் பாகம் மாற்றுவது

எப்போதும் ஒரே பக்கம் இழுப்பது வேறு. பக்கம் இல்லாமல் அலைவது வேறு. மேடு பள்ளத்தில் மட்டும் வெட்டென்று திரும்புவது வேறு. 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது இன்னும் வேறு.

இழுப்பு என்றால் டயர், பிரேக் பிடிப்பு, இடது வலது கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு சாயும் கோணம்) வித்தியாசம் இவற்றைப் பாருங்கள். கேஸ்டர் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் குறைந்த பக்கம் இழுக்கும். நம் சாலைகள் மழைநீர் வடிய இடது ஓரம் சரிந்திருக்கும் என்பதால் இடது பக்கம் லேசாகச் சரிவது கோளாறு ஆகாது. நடுக்கம் என்றால் பேலன்சிங்கும், ரிம்மின் நடுத்துளை ஹப்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்பாவிட்டால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல்முனையில் இருக்கும் மவுண்ட் பேரிங். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்மேல் கை வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சீராகச் சுழல வேண்டும். முறுக்கேறி 'டங்'கென்று விடுபட்டால் பேரிங் போய்விட்டது, அல்லது ஸ்பிரிங் முனை தன் இருக்கையில் உட்காரவில்லை.

மேட்டில் மட்டும் திரும்புகிறது என்றால் அடுத்த பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

நிற்கும் வண்டியின் டோவை நம்பிப் பணத்தை இறைப்பது

டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. வழக்கமாக இப்படித்தான் போகும். 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போடுவார்கள். வண்டி அலையும். அலைன்மென்ட் செய்வார்கள், திரையில் எல்லாம் பச்சை. மறுபடி அலையும். வேறு கடையில் அலைன்மென்ட், அங்கேயும் பச்சை. பிறகு டை ராடு (ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) எண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிணைக்கும் கை), இரண்டு புது டயர். கடைசியில் யாரோ "ரேக் போயிருக்கும்" என்பார்கள், நல்ல ரேக்கும் (ஸ்டியரிங் பெட்டி) கழன்று வரும். இத்தனைக்கும் வண்டி அப்படியே அலைந்துகொண்டிருக்கும்.

மிஷின் பொய் சொல்லவில்லை. மேடையில் அசையாமல் நிற்கும் வண்டியை அளந்து, நிற்கும்போது சரியாக இருக்கிறது என்று சொல்கிறது. கோளாறு இருப்பது சக்கரம் ஏறி இறங்கும்போது.

தொழிற்சாலை உயரத்தில் லோயர் ஆர்மும் டை ராடும் ஏறக்குறைய இணையாக, ஒத்த வில்லில் ஏறி இறங்கும்படி வைக்கப்பட்டிருக்கும். வண்டியை இறக்கினால் இரண்டின் வெளிமுனையும் மேலே போய்விடும். நீளமும் உள்முனை இருக்கும் இடமும் வேறு என்பதால், அதற்கு மேல் சக்கரம் ஏறும்போது இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை. அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப, நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். ஸ்பேசர் வைத்துத் தூக்கிய வண்டியிலும் இதே கதைதான், கோணம் மட்டும் எதிர்ப்பக்கம். இதற்குப் பெயர் பம்ப் ஸ்டியர்.

ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் வண்டி வெட்டும். கொண்டை ஊசியில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் அமுங்கும், உள்சக்கரம் தொங்கும். இரண்டும் ஒரே திசையில் திரும்பும். அமுங்கும்போது டோ வெளியே போகும் வண்டி வளைவில் கொஞ்சம் மந்தமாகத் திரும்பும், அதைச் சமாளித்துவிடலாம். உள்ளே போகும் வண்டி, நீங்கள் திருப்பியதைவிட அதிகமாக உள்ளே பாயும். மலையிறக்கத்தில் பிரேக் மிதித்தபடி வளைவுக்குள் நுழையும்போது இது ஆபத்து.

கண்டுபிடிக்க அதே அலைன்மென்ட் மேடை போதும். அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். முன்சக்கரங்கள் சுழலும் தட்டான டர்ன் பிளேட்மேல் இருக்கட்டும், தட்டின் பூட்டு ஊசி கழற்றிய நிலையில். ஸ்டியரிங்கை நேராக வைத்து லாக் கிளாம்ப் போடுங்கள், இன்ஜின் அணைந்திருக்கட்டும். இப்போது இரண்டு முன்சக்கரங்களின் டோவையும் தனித்தனியே குறியுங்கள். பிறகு சப்ஃபிரேமில் (முன்பக்க அடிச்சட்டம்) ரேட்செட் பெல்ட் மாட்டி, மேடையின் சட்டத்தோடு கட்டி, முன்பக்கத்தை 25 மி.மீ. கீழே இழுங்கள். ஃபெண்டர் அளவை வைத்து 25 தானா என்று உறுதி செய்துகொண்டு டோவைக் குறியுங்கள். பெல்ட்டை அவிழ்த்து, சப்ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இயல்பு உயரத்திலிருந்து 25 மி.மீ. தூக்கி மறுபடி குறியுங்கள். ஆறு எண்கள், அவ்வளவுதான்.

14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. டோ என்பது ஏறக்குறைய 10 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி). ஒரு சக்கரத்துக்கு அந்த 25 மி.மீ. நகர்வில் 10 நிமிடத்துக்குள் மாறினால் கவலை வேண்டாம், ஸ்டாக் வண்டியிலும் (எதையும் மாற்றாத வண்டி) சில நிமிடங்கள் மாறத்தான் செய்யும். 20 நிமிடத்தைத் தாண்டினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. இடதும் வலதும் ஒன்றுபோல் மாறவில்லை என்றால் உயரத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். ரேக் கிடைமட்டமாக இல்லை, ரேக் புஷ் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது, லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறது, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

சரிசெய்யும் வழிகளில் மலிவானது உயரத்தைத் திரும்பக் கொடுப்பது. காயிலோவர் என்றால் 10 மி.மீ. ஏற்றி அளங்கள், மறுபடி 10 ஏற்றி அளங்கள். பெரும்பாலான வண்டிகள் ஸ்டாக் உயரத்தை நெருங்க நெருங்க அடங்கிவிடும். உயரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் அந்த மாடலுக்கென்றே செய்த பம்ப் ஸ்டியர் கிட். நீட்டிய பால் ஜாயின்ட் போட்டு ஆர்மின் வெளிமுனையைக் கீழே கொண்டுவருபவர்கள் டை ராடு எண்டையும் அதற்கு ஏற்றபடி இறக்க வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் முன்பைவிட மோசமாகும். ஸ்டியரிங் ஆர்மைச் சூடாக்கி வளைத்துத் தருகிறேன் என்று எந்தப் பட்டறையாவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்டை முறுக்குவது

லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பரும் இரும்பும் ஒட்டியே இருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகுகிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்டை இறுக்கினால் அதுவே ரப்பரின் ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருக்கும். ஓட்டம் விறைப்பாகும், உயரம் கூடுதலாகக் காட்டும், சில மாதத்தில் புஷ் கிழியும். "புது ஸ்பிரிங் போட்டேன், இறங்கவே இல்லை" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

போல்டுகளை விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டியை நான்கு சக்கரத்தில் பட்டறைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, நாலைந்து முறை அமுக்கி விட்டு, பிறகு மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். பின்பக்க பீம் புஷ்ஷுக்கும் இதேதான். ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்டுகளைக் கழற்றும் முன் பெயிண்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துளையில் இருக்கும் சின்ன இடைவெளியே கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) மாற்றிவிடும், கூடவே டோவையும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது

வெட்டிய ஸ்பிரிங் இருக்கும் வண்டியில் கண்டுபிடிக்க எதுவுமில்லை. முதலில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் பஃபர்

ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒரே ஆழத்தில் உட்காராது என்பதால் இடது ஒரு ஸ்பிரிங், வலது ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். எதையும் அளக்கும் முன் கழற்றிவிடுங்கள்.

பம்ப் ஸ்டாப்பரை மறப்பது

நேர்ச்சாலையில் நன்றாகப் போகும் வண்டி, நாலு பேரோடு மலையேறும்போது வளைவின் நடுவில் திடீரென்று வெளியே தள்ளுகிறதா? இறக்கிய வண்டியில் ஷாக் நகர மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான். வெளிப்பக்க ஷாக், அது முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பரான ஸ்டாப்பரில் முட்டியதும் அந்த மூலை ஒரே நொடியில் கல்லாகிவிடும், டயர் பிடியை விடும். ஷாக் ராடில் ஒரு கேபிள் டை கட்டி, சீல் வரை கீழே தள்ளி, தூசி உறையை மூடி, வழக்கமான பாரத்தோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை ஸ்டாப்பர் வரை போயிருந்தால் விடை அதுதான். ஸ்டாப்பரை அறுத்து எறிவது தீர்வல்ல. அடுத்த முட்டலை ஷாக்கே வாங்கும். அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற குட்டையான ஷாக் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் கையால் ஆடக்கூடாது. ஆடினால் அது இருக்கையை விட்டு நகர்ந்து உட்கார வாய்ப்பிருக்கிறது.

தொங்கும் சக்கரத்தில் மட்டும் ஆட்டம் பார்ப்பது

ஜாக்கியில் தூக்கி, பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது பாதிப் பரிசோதனை. பாரம் இருக்கும்போது மட்டும் காட்டும் ஆட்டமும் உண்டு. சக்கரம் தரையில் இருக்க, வண்டி பட்டறைப் பள்ளத்தின்மேல் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதாக இடமும் வலமும் வேகமாக ஆட்டட்டும். கீழே இருப்பவர் டை ராடு எண்டு, ரேக் எண்டு, ரேக் புஷ், ஆர்ம் புஷ் ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத 'டக்' விரலுக்குத் தெரியும்.

ரிம் ஆஃப்செட்

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். 45-க்குப் பதில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வருகிறது. சாலையின் கோடும் குழியும் ஸ்டியரிங்கை அதிகமாகப் பிடித்து இழுக்கும். ஸ்டாக் ரிம்மும் டயரும் கடன் வாங்கி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார்

எலெக்ட்ரிக் ஸ்டியரிங், இஎஸ்பி (வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்கேனரில் இந்த சென்சாரைப் பூஜ்ஜியம் செய்யச் சொல்லுங்கள்.

மலைப்பாதையில் முதல் சோதனை ஓட்டம்

வேண்டாம். சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் போக்குவரத்து குறைந்த நேரத்தில் 60 கி.மீ.யில் நேர்ஓட்டம், பிரேக், லேன் மாற்றம் பாருங்கள். திரும்பி வந்து போல்டுகளின் டார்க்கை மறுபடி பாருங்கள். பிறகு ஏற்காடு. ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழி குறுகலானது, அதைக் கடைசிக்கு வையுங்கள்.