பள்ளிப் பேரிடர் ஒத்திகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணி அடிக்கும். பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வருவார்கள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக் காயம்பட்டவர்களாக நடிப்பார்கள். படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியதும் அடுத்த பாடவேளை. நம் பள்ளிகள் பலவற்றில் பேரிடர் ஒத்திகை இப்படித்தான் முடிகிறது. இதிலிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: என்ன நடந்தாலும் மைதானத்துக்கு ஓடு. தீக்கு அது சரி. மற்றவற்றுக்கும் அதையே பழக்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கம் வந்ததும் ஒக்காவா தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து மைதானத்தில் நிறுத்தினார்கள். அதுவரை எல்லாம் சரி. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஆனால் அடுத்து எங்கே போவது என்று முடிவாகாமல் ஏறத்தாழ 50 நிமிடம் அங்கேயே கழிந்தது. ஆழிப்பேரலையில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் பலியானார்கள். பள்ளியின் வழிகாட்டியில் இரண்டாவது புகலிடம் ‘அருகிலுள்ள காலியிடம் அல்லது பூங்கா’ என்று பொதுவாகத்தான் எழுதப்பட்டிருந்தது. அந்தத் திட்டம் போதாது என்று பின்னர் நீதிமன்றமும் சொன்னது.

நாகையிலோ கடலூரிலோ கரையோரம் உள்ள ஒரு பள்ளி தன் திட்டத்தில் ‘பாதுகாப்பான உயரமான இடம்’ என்று எழுதினால் அதுவும் இதே கதைதான். எந்தக் கட்டடம், எந்தத் தெரு வழியாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நடையில் எத்தனை நிமிடம், அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் என்று எழுத வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை உண்மையில் அங்கே நடத்திக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும்.

சுனாமியில் இன்னொரு பிழை பாடமாகவே ஓடுகிறது: ‘முதலில் கடல் உள்வாங்கும், அதைப் பார்த்து ஓடிவிடலாம்.’ 2004இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது அலையின் ஏற்றம். கடல் உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும். உள்வாங்கவில்லை என்பதற்காக நிற்கக் கூடாது. சுமத்ராவில் அன்று நம் நேரப்படி காலை 6.28க்கு நிலம் நடுங்கியது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆகவே அதிர்வு தெரிந்தால்தான் ஆபத்து என்பதும் தவறு. எச்சரிக்கை வந்தால் கிளம்பிவிட வேண்டும். ஒரு அலை வடிந்ததும் திரும்பிவரக் கூடாது, ஏனென்றால் அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

நிலநடுக்கத்தில் தவறு இதற்கு நேர்மாறானது. அதிரும்போதே ஓடினால் படியில் நெரிசல், வாசலில் சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் தலையில். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் அஞ்சார் நகரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் வெளியில்தான் இருந்தார்கள். குறுகிய தெருவின் இருபுறக் கட்டடங்களும் சரிந்து 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அதிர்வு நிற்கும்வரை மேசைக்கு அடியில் குனிந்து, ஒரு கையால் அதன் காலைப் பிடித்து, மறு கையால் பிடரியை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். நம் தொடக்க வகுப்புகள் பலவற்றில் மேசையே கிடையாது, பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். சுவரொட்டியில் உள்ள படத்தை அங்கே அப்படியே சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. ஜன்னலையும் பீரோவையும் விட்டு விலகி, உட்புறச் சுவரோரம் குந்தி, இரு கையாலும் பிடரியை மூடப் பழக்குங்கள். பீரோவை இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு முடுக்குவது ஒரு மணி நேர வேலை. அதிர்வு நின்றதும் வெளியே வந்தால், கட்டடத்தின் உயரம் அளவுக்காவது தள்ளி நிற்க வேண்டும்.

தீக்கு வருவோம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். இறங்கக் குறுகலான வழிதான் இருந்தது. இன்று ஓட்டுக்கூரையோ கான்கிரீட்டோ வந்துவிட்டது. இரண்டாவது படிக்கட்டும் இருக்கும். ஆனால் அதன் கிரில் கேட்டில் பூட்டு. ஒத்திகையில் எப்போதும் எல்லா வழியும் திறந்திருப்பதால் இது கண்ணில் படுவதே இல்லை. சொல்லாமல் ஒருநாள், ஒரு படிக்கட்டை ‘புகை’ என்று எழுதிய அட்டையால் மறித்துவிட்டு மணி அடித்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். மின்மணியை நம்ப வேண்டாம், கரண்ட் போனால் அதுவும் போகும். கைமணியும் விசிலும் வேண்டும். ஒருமுறை மதிய உணவு இடைவேளையில் நடத்துங்கள்: பிள்ளைகள் கழிப்பறையிலும் குழாயடியிலும் இருப்பார்கள், வருகைப் பதிவேடு ஆசிரியர் கையில் இருக்காது. பதிவேடு இல்லாமல் தலையை எண்ணினால் எத்தனை பேர் என்று தெரியும், யார் இல்லை என்று தெரியாது.

சின்னப் பிள்ளைகள் பயந்தால் ஒளிவார்கள். பெஞ்சுக்கு அடியில், கழிப்பறைக்குள். ‘ஓடாதே, தள்ளாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு ‘ஒளியாதே, கூப்பிட்டால் குரல் கொடு’ என்பதை விட்டுவிடுகிறோம். புகை மேலே நிற்பதால் தவழ்ந்து போகவும் பழக்க வேண்டும். தீயணைப்பானைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அது சில நொடிகளில் தீர்ந்துவிடும். அது பெரியவர்கள் வேலை.

புயலில் ஒன்றே ஒன்று: அதன் நடுப்பகுதியான கண் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசும். ‘நின்றுவிட்டது’ என்று வெளியே வருவதும், விழுந்த மின்கம்பியைத் தாண்டுவதும்தான் ஆபத்து.

112, 101, 108 எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கூப்பிட்டால் என்ன பேசுவது என்று தெரியாது. ஊர், தெரு, பக்கத்திலுள்ள கோயில் அல்லது கடை, என்ன நடந்தது, எத்தனை பேர். எதிர்முனையில் வைக்கும்வரை வைக்கக் கூடாது. இருவர் இருவராக உட்கார்ந்து பேசிப் பழக ஒரு பாடவேளை போதும்.

கோரப் படங்களைக் காட்டுவது அடுத்த தவறு. ஆறாம் வகுப்புக்குக் கீழே அது பயத்தைத்தான் தரும். அதற்குப் பதில் ஆளுக்கொரு வேலை கொடுங்கள்: சக்கர நாற்காலிப் பிள்ளையோடு போகும் இருவர், கதவருகே கடைசியாகப் பார்ப்பவர்.

பெரும்பாலான திட்டங்களில் இல்லாத பக்கம் ஒன்று உண்டு: பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது. கலவரமான நேரத்தில் சித்தப்பா என்று சொல்லி வருபவரிடம் அனுப்பிவிடுவோம், பின்னால் வந்த தாய் பள்ளி முழுக்கத் தேடுவாள். ஜூன் மாதத்திலேயே பெற்றோரிடம் மூன்று பெயர்களும் கைப்பேசி எண்களும் எழுதி வாங்கி, அந்தத் தாளின் ஒரு நகலைப் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வந்தவர் கையெழுத்தும் நேரமும் அதிலேயே பதிய வேண்டும். கரையோரப் பள்ளியில் எச்சரிக்கை நீடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் கடல் பக்கமுள்ள வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அழைக்க வந்த பெற்றோரும் பிள்ளையோடு சேர்ந்து மேடான இடத்துக்குத்தான் நடக்க வேண்டும் என்பதை முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.