யூத நாட்காட்டி: நள்ளிரவை நம்பாதீர்கள்

2025-இல் யூதர்களின் பாவமன்னிப்பு நோன்புநாளான யோம் கிப்பூர் அக்டோபர் 2 என்று காலண்டர்களில் போட்டிருந்தது. 'முந்தின நாள்தானே' என்று அக்டோபர் 1 இரவு ஒரு யூத நண்பரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தால், அவர் அப்போதே நோன்பில் இருந்திருப்பார். யூத நாள் சூரியன் மறையும்போது பிறக்கிறது. 1ஆம் தேதி மாலை தொடங்கிய நோன்பு, மறுநாள் இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை, சுமார் 25 மணி நேரம் நீண்டது. பிறந்தநாள், நினைவுநாள் கணக்கிலும் இதே இடத்தில்தான் ஒரு நாள் பிசகும். இருட்டிய பிறகு பிறந்த குழந்தைக்கு அடுத்த நாளின் எபிரேயத் தேதிதான்.

இதைவிடப் பெரிய குழப்பம் 'மணி'யில் இருக்கிறது. 'ஷெமா' என்ற பிரார்த்தனையைக் காலையில் மூன்றாம் மணி முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. உடனே பலர் ஒன்பது மணி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த மணிக்கு 60 நிமிடம் என்ற கட்டாயமே இல்லை. பகற்பொழுதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஒரு மணி. பகலை எட்டாகப் பிரித்து ராகு காலம் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காலை 5-க்கு உதித்து மாலை 7-க்கு மறையும் கோடையில் ஒரு பங்கு 70 நிமிடம், கெடு 8.30. 7-க்கு உதித்து 5-க்கு மறையும் குளிர்காலத்தில் பங்கு 50 நிமிடம், கெடு 9.30.

பகல் எப்போது தொடங்குகிறது என்பதிலும் இரண்டு கட்சி. வில்னா காவோன் என்ற யூத அறிஞரின் வழியில் உதயம் முதல் அஸ்தமனம் வரை. மாகேன் அவ்ரஹாம் என்ற யூதச் சட்ட உரைநூலின் வழியில் கிழக்கு வெளுப்பதிலிருந்து இருட்டும்வரை. பிரார்த்தனை நேர அட்டவணையில் ஷெமாவுக்கு இரண்டு நேரம் அச்சாகியிருப்பது அச்சுப்பிழையல்ல. முந்தைய நேரத்தைப் பிடித்துக்கொண்டால் இரு கட்சிக்கும் சரி.

ஊர்ப் பெயர் இல்லாத அட்டவணையை நான் தொடவே மாட்டேன். வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கை அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்னால் ஏற்றுவது பரவலான வழக்கம்; எருசலேமில் 40 நிமிடம். பிந்திவிட்டால், சூரியன் மறைந்தபின் நெருப்பு மூட்டக் கூடாது. அந்த வாரம் விளக்கு இல்லாமலேதான்.

ஆண்டுக் கணக்கில் ஒன்றே ஒன்று. 19 ஆண்டுகளில் ஏழு முறை அதார் மாதம் இரண்டாக வரும். 2026 செப்டம்பர் 11 மாலை பிறக்கும் 5787 அப்படிப்பட்ட ஆண்டு. அதில் பூரிம் பண்டிகை இரண்டாம் அதாரில்தான்: 2027 மார்ச் 22 மாலை தொடங்கும். முதல் அதாரைப் பார்த்துவிட்டு பிப்ரவரியிலேயே விடுப்பு எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.