நாற்பது பாட்டு வேண்டாம், ஒன்று அனுப்புங்கள்: நாட்டுப்பாடல் தேடவும் பகிரவும் தொடக்கநிலைச் செய்முறை

போன ஆடியில், ஒரே ராத்திரியில், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நாற்பது பாட்டுகளின் இணைப்பைக் கொட்டினேன். தெம்மாங்கு, தாலாட்டு, வெறும் கிட்டாரோடு பாடியவை, எல்லாம் எனக்கு உயிர். காலையில் பார்த்தால் மூன்று கும்பிடு, ஒரு ரோஜாப்பூ படம். ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்புறம் சேலம் அம்மாப்பேட்டை அத்தைக்கு மட்டும் ஒரே ஒரு அம்மன் பாட்டை அனுப்பினேன். "இரண்டாவது நிமிஷத்தில் பம்பை தனியாக வரும், நம்ம கோட்டை மாரியம்மன் கோயிலில் கேட்ட அடிதானே அத்தை?" என்று கூடவே கேட்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் போன். "அது வேற அடிடா, கேளு" என்று வாயாலேயே அடித்துக் காட்டிவிட்டு ஒரு பாட்டும் பாடினார். அந்தப் பாட்டு எந்தச் செயலியிலும் கிடையாது. கீழே உள்ள முறை முழுக்க அந்த போனிலிருந்து வந்ததுதான்.

படி 1: ஒரு சத்தத்தைப் பிடியுங்கள்

பிடித்த பாட்டு ஒன்றை எடுத்து, சொற்களை விட்டுவிட்டு வாத்தியத்தை மட்டும் கவனியுங்கள். யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் அது உறுமி. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பதால் வருவது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளை மேளம் பம்பை. தெருக்கூத்தில் ஆர்மோனியத்துக்கு மேலே கீச்சென்று ஏறிப் போவது முகவீணை. பெயரில் வீணை இருந்தாலும் அது ஊதுகிற குழல். நானே இதில் ரொம்ப நாள் ஏமாந்திருக்கிறேன்.

படி 2: அதன் பின்னால் போங்கள்

'சிறந்த கிராமியப் பாடல்கள்' என்று தேடினால் சினிமாப் பாட்டுத்தான் வரிசையாக வரும். வாத்தியத்தின் பெயரையோ, பாட்டு வகையின் பெயரையோ, ஊரின் பெயரையோ போட்டுத் தேடுங்கள்.

தந்தி வாத்தியத்துக்கும் இதே வழிதான். கம்பியை அழுத்தாமல் உருளையால் வழுக்கி வாசிக்கும் கிட்டார் பிடித்திருந்ததா? விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையைக் கேளுங்கள். அவரும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்த பதிவுக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது. அங்கிருந்து நம் கோட்டுவாத்தியத்துக்கு ஓர் எட்டுதான். அதுவும் வழுக்கி வாசிப்பதே, வீணையின் தண்டில் குறுக்கே இருக்கும் மெட்டுக் கட்டைகள் அதில் கிடையாது.

நியூயார்க்கில் மோசஸ் ஆஷ் 1948இல் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனத்தின் பதிவுகளையும் தேடிப் பாருங்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த நாட்டுப்பாடல்கள் அதில் உண்டு. இசைத்தட்டோடு ஒரு சிறு புத்தகமும் வரும்: யார் பாடியது, எந்த ஊர், என்ன சொற்கள் என்று. அந்தப் புத்தகத்தின் வேலையைத்தான் படி 5இல் நாம் மூன்று வரியில் செய்யப்போகிறோம்.

படி 3: நேரில் கேளுங்கள்

சேலத்துக்காரர்களுக்கு ஆடி மாதமே போதும். மாரியம்மன் கோயில் எங்கே இருக்கிறதோ அங்கே மேளம் இருக்கும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், அடிப்பவர் கை தெரிகிற இடத்தில் நில்லுங்கள்.

படி 4: வீட்டுப் பாட்டைப் பதிவு செய்யுங்கள்

இதற்குத்தான் பொறுமை வேண்டும். "ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் "எனக்கென்ன தெரியும்" என்றுதான் சொல்வார். "நாற்று நடும்போது என்ன பாடுவீங்க?" என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள். தாலாட்டு வேண்டுமென்றால் மடியில் ஒரு குழந்தை இருக்கட்டும், வரிகள் தானாக வரும். கும்மி தனி ஆளுக்கு வராது. கை தட்டவும் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கவும் இன்னொருவர் வேண்டும். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டத்துப் பக்கம் போய்க் கேளுங்கள், அல்லது வரிகளை மட்டும் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

என் முதல் பதிவு பாழ். அத்தை வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. பாடும்போது என் காதுக்கு அது உறைக்கவே இல்லை, போட்டுக் கேட்டால் தடதடவென்று தறிதான் பாடுகிறது. அதனால் தறி ஓடாத நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பாடுபவரின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மேளம் என்றால் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போங்கள், இல்லாவிட்டால் சத்தம் பிளந்துவிடும். ரெக்கார்டரில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் கோப்பு) வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஏற்காட்டில் பிரச்சினை தறி அல்ல, காற்று. பகோடா பாயின்ட் மாதிரி திறந்த இடம் சரிப்படாது. சுவர் ஓரமாக உட்கார்ந்து, காற்றுக்கு முதுகு காட்டி, போனை உங்கள் உடம்பால் மறையுங்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களிடம் கேட்கப் போகிறீர்களா? மலையில் வாழ்பவர்கள் என்பதால்தான் அந்தப் பெயர், அவர்கள் பேசுவது தமிழ். போனதும் போனை நீட்டாதீர்கள். முதல் தடவை வெறுமனே கேளுங்கள்.

அனுமதியை இரண்டு தடவை கேட்க வேண்டும். பதிவு செய்யலாமா என்பது ஒன்று, மற்றவருக்கு அனுப்பலாமா என்பது வேறு. சாமிப் பாட்டுக்கு முதலாவதற்குச் சரி சொல்லி இரண்டாவதற்கு மறுப்பவர்கள் உண்டு. மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

படி 5: ஒன்றை, ஒருவருக்கு

ஒரு பாட்டு, கூடவே மூன்று வரி. யார், எந்த ஊர் என்பது முதல் வரி. எந்த நிமிடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, அவரால் பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வி. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்று வரும், அவ்வளவுதான். "உங்க ஊரில் இதை வேற மாதிரி பாடுவாங்களா?" என்று கேளுங்கள். நாட்டுப்பாட்டு ஊருக்கு ஊர் மாறும், அதனால் பதில் அனேகமாகப் பாட்டாகவே வரும்.

நீங்கள் பதிவு செய்ததை வாட்ஸ்ஆப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கலைஞர்கள் வெளியிட்ட பாட்டு என்றால் கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புவதுதான் நியாயம். கோப்பின் பெயரில் தேதி, ஊர், வகை மூன்றையும் போட்டு இன்னோர் இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

அத்தையிடம் ஒரு கும்மி இன்னும் பாக்கி இருக்கிறது. எடுத்துக்கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம், வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார்.